ஜெர்மன் சமையலறையில் நம் ஊர்ச் சாப்பாடு: பொருள் மாறினால் வரிசையும் மாறும்

ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கிறீர்கள். பக்கத்தில் இந்தியக் கடை இல்லை. சூப்பர் மார்க்கெட் ஒன்று, துருக்கிக்காரர் கடை ஒன்று, வியட்நாமியரோ தாய்லாந்துக்காரரோ நடத்தும் ஆசியக் கடை ஒன்று இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு சாம்பார், ரசம், சட்னி, வத்தக்குழம்பு, இட்லி ஆகியவற்றை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். துவரம்பருப்புக்குப் பதில் எது, புளிக்குப் பதில் எது என்று பட்டியல் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பிறகு அம்மா சொன்ன அதே வரிசையில், அதே நேரத்தில் மாற்றுப் பொருளைப் போடுகிறார்கள். புளிக்கரைசலைப் போல எலுமிச்சைச் சாற்றைக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டால் சாம்பார் கசந்துதான் போகும். பொருளை மாற்றினால், அது சட்டியில் விழும் நேரத்தையும் மாற்ற வேண்டும். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அந்த நேரக் கணக்குதான்.

1. பெட்டி கட்டும்போதே தீர்மானிக்க வேண்டியவை

எடையை அரிசிக்கும் துவரம்பருப்புக்கும் வீணாக்க வேண்டாம். அவற்றுக்கு இங்கே நல்ல மாற்று உண்டு. மாற்றே இல்லாதவற்றுக்குத்தான் பெட்டியில் இடம்: தோல் நீக்கிய முழு வெள்ளை உளுந்து இரண்டு கிலோ, பெருங்காயம், சிறு கடுகு, வெந்தயம், வீட்டில் அரைத்த சாம்பார் பொடி, நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை. இடம் மிஞ்சினால் இட்லித் தட்டு.

பெருங்காயத்தை மூடி இறுகிய கண்ணாடி பாட்டிலில் போட்டு, அதையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சட்டைகளும் சேர்ந்து மணக்கும். பலர் பகிர்ந்து வாழும் வீட்டில் தங்கப்போகிறீர்கள் என்றால், அந்த பாட்டிலை வைக்கும் இடம் பற்றி முதல் வாரத்திலேயே வீட்டாரிடம் பேசிவிடுவது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் பயணிகள் கொண்டுவரக்கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடக்கம். விமான நிலையத்தில் பறிகொடுப்பதைவிட இங்கே வந்து வெண்ணெய் உருக்கிக்கொள்ளலாம். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, வெற்றிலை போன்ற தாவரப் பொருள்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். 2019 டிசம்பர் முதல் இதில் கண்டிப்பு கூடிவிட்டது. பெட்டியில் ஈரத்துணியில் சுற்றி வருகிற கறிவேப்பிலைக் கொத்து அந்தக் கணக்கில்தான் வரும். தேங்காய்க்கு விலக்கு உண்டு, ஆனால் அதைச் சுமக்கத் தேவையில்லை. கருவாட்டுக்கும் தடையில்லை, சொந்த உபயோகத்துக்கு மீன் வகைகள் 20 கிலோ வரை அனுமதி. பெட்டியின் கதி உங்கள் பொறுப்பு.

2. முதல் வாரச் சந்தை: எந்தக் கடையில் எது

ஒரே கடையில் எல்லாம் தேடாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் வாங்க வேண்டியவை: புழுங்கலரிசி, சிவப்புப் பருப்பு, மஞ்சள் பட்டாணிப் பருப்பு, ரவை, உலர்ந்த தேங்காய்த்துருவல், தயிர், வெண்ணெய், கொத்தமல்லி விதை, மிளகு. துருக்கிக் கடையில்: கட்டுக்கட்டாகக் கொத்தமல்லித் தழை, புதினா, வறுத்த கொண்டைக்கடலை, புளிப்புச் சாறுகள், நீளப் பச்சைமிளகாய், சிறிய வெண்டைக்காய். ஆசியக் கடையில்: புளி, உறையவைத்த தேங்காய்த்துருவல், தேங்காய்ப்பால், அரிசி மாவு, பாசிப்பருப்பு, காரமான சின்ன மிளகாய், அதிர்ஷ்டம் இருந்தால் உறையவைத்த முருங்கைக்காய்.

லேபிள் பார்க்கத் தெரியாமல் ஏமாறும் இடங்கள் சில உண்டு. சீரகம் என்று நினைத்துப் பலரும் எடுப்பது ‘கியூமெல்’. அது இங்கத்திய ‘ரை’ தானிய ரொட்டியில் போடுகிற வேறொரு விதை. பார்க்கச் சீரகம் போலவே, சற்றே வளைந்து கருத்திருக்கும். ரசத்தில் போட்டால் ரசம் ரொட்டிக் கடை வாசம் அடிக்கும். நமக்கு வேண்டியது ‘குரொய்ட்ஸ்கியூமெல்’.

ரவையிலும் இரண்டு உண்டு. ‘வைக்வைட்சன்’ என்று போட்டிருப்பது மென்கோதுமை ரவை. கஞ்சி காய்ச்ச நல்லது, உப்புமாவுக்கு ஆகாது, களியாகிவிடும். ‘ஹார்ட்வைட்சன்’ என்று போட்டிருப்பதை வாங்கி, நன்றாக வறுத்துப் போட்டால் உதிரியாக வரும்.

அரிசி மாவில் இன்னொரு கண்ணி. ஆசியக் கடையில் ஒரே யானைப் படம் போட்ட தாய்லாந்துப் பாக்கெட்டுகள் இரண்டு அருகருகே இருக்கும். சிவப்பு எழுத்து சாதாரண அரிசி மாவு. பச்சை எழுத்து ஒட்டும் அரிசி மாவு. அதில் இடியாப்பம் பிழிந்தால் அச்சிலிருந்து பசைதான் வரும். சிவப்பு எழுத்து மாவையும் அப்படியே பிசையாதீர்கள். நிறம் மாறாமல் வெறும் வாணலியில் வறுத்து, பிறகு தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டும்.

சூப்பர் மார்க்கெட் கடுகு மஞ்சள் நிறத்தில் பெரிதாக இருக்கும். ஊறுகாய்க் குப்பியில் போடத்தான் அது லாயக்கு. தாளித்தால் சரியாக வெடிக்காது, கசக்கும். சிறு கடுகு தீர்ந்துவிட்டால் இயற்கைப் பொருள் கடையில் பழுப்புக் கடுகு கேளுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் எச்சரிக்கை. ஆசியக் கடையின் கருஞ்சிவப்பு எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. அதில் குழம்பு தாளித்தால் சீனச் சாப்பாட்டு வாசம் வரும். வறுக்காத எள்ளில் பிழிந்த வெளிர்நிற எண்ணெய் இயற்கைப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. நல்லெண்ணெய்க்குக் கிட்டத்தட்ட அதுதான்.

3. அடுப்பையும் மிக்ஸியையும் பழக்கிக்கொள்வது

வாடகை வீடுகளில் பெரும்பாலும் கண்ணாடித்தள மின்னடுப்பு அல்லது இண்டக்‌ஷன் இருக்கும். அடி வளைந்த வாணலி இரண்டிலும் உட்காராது. இண்டக்‌ஷனில் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேலை செய்யும். வாங்குமுன் ஒரு சிறு காந்தத்தை அடியில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடித்தள அடுப்பை அணைத்த பிறகும் சூடு சில நிமிடங்களுக்கு அப்படியே இருக்கும். கேஸ் அடுப்புக்குப் பழகிய கைக்கு இதுதான் முதல் இடறல். தாளிப்பு கருகுவது இதனால்தான். கடுகு வெடிக்கத் தொடங்கியதும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை மூன்றையும் அதற்கப்புறம் போடுங்கள். எண்ணெயில் இருக்கும் சூடே போதும். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். நடைவழியில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கும், மிளகாய் நெடிக்கும் அது அலறக்கூடும்.

இந்தியாவிலும் ஜெர்மனியிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே நம் ஊர் மிக்ஸி இங்கே ஓடும். தரையிணைப்பு உள்ள அடாப்டர் மட்டும் வேண்டும். அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே 120 வோல்ட். இங்கே வாங்குகிற பழச்சாறு பிளெண்டர் சட்னிக்குப் போதும். மாவு அரைப்பதானால் சிறிது சிறிதாக, இடையில் ஓய்வு கொடுத்து அரைக்க வேண்டும்.

4. பருப்பு: இரண்டைக் கலந்து, தனித்தனி நேரத்தில்

துவரம்பருப்புக்குப் பதில் சிவப்புப் பருப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். அது வேக ஆரம்பித்ததும் மஞ்சளாகி, கால்மணி நேரத்தில் கரைந்தும் போகும். ஆனால் அதில் திடம் இல்லை. தனியாகப் போட்டால் சாம்பார் ஆறியதும் தண்ணீர் மேலே, பருப்பு கீழே என்று பிரிந்து நிற்கும். மஞ்சள் பட்டாணிப் பருப்பில் திடமும் லேசான இனிப்பும் உண்டு, ஆனால் பட்டாணி வாசம் அடிக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைக்கும்.

நான்கு பேருக்கு: சிவப்புப் பருப்பு அரை கப், பட்டாணிப் பருப்பு கால் கப். பட்டாணிப் பருப்பை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். மறுநாள் அதை மட்டும் மஞ்சள்தூளோடு அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வேகவிட்டு, விரலால் நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகு சிவப்புப் பருப்பைச் சேருங்கள். சிவப்புப் பருப்பை வாசம் வர இரண்டு நிமிடம் வெறுமனே வறுத்துப் போட்டால் பச்சை நெடி போய்விடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தால், சிவப்பு கரைந்து அடிப்பிடிக்கிற நேரத்திலும் பட்டாணி கல்லாகவே இருக்கும்.

பருப்பு எவ்வளவு நேரமானாலும் வேகவில்லையா? தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஜெர்மனியின் பல பகுதிகளில் குழாய் நீர் கடினநீர். ஜெர்மன் கடினத்தன்மை அளவில் 14 டிகிரிக்கு மேல் என்றால் கடினம் என்று வகைப்படுத்துகிறார்கள், உங்கள் ஊர்க் கணக்கைக் குடிநீர் நிறுவனம் வெளியிடும். அந்தச் சுண்ணாம்புச் சத்து பருப்பை மசிய விடாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும். கடையில் அதன் பெயர் ‘நாட்ரோன்’. பக்கத்திலேயே இருக்கும் ‘பாக்புல்வர்’ கேக் பவுடர், அதை எடுக்காதீர்கள். உப்பும் புளிப்பும் பருப்பு மசிந்த பிறகுதான்.

5. புளிப்பு: எதை, எப்போது

ஆசியக் கடையில் கொட்டையுள்ள தாய்லாந்துப் புளிக்கட்டி கிடைத்தால் மாற்றே தேவையில்லை. நம் பழைய புளியைவிட நிறமும் புளிப்பும் குறைவு. எலுமிச்சை அளவு என்று செய்முறையில் இருந்தால் ஒன்றரை மடங்கு எடுங்கள். அட்டைப்பெட்டியில் ஓட்டோடு அடுக்கிய புளியம்பழத்தை வாங்க வேண்டாம். அது இனிப்புப் புளி, தின்பதற்கு. பாட்டிலில் வரும் கறுத்த புளிச்சாந்தை வாங்கினால் அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

புளியே கிடைக்காத ஊரில், துருக்கிக் கடையில் ‘கோருக்’ சாறு கேளுங்கள். காய்ப்பருவத் திராட்சையைப் பிழிந்த சாறு அது. புளியில் மேலோங்கி இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் திராட்சையிலும் முக்கியமானது, அதனால் நாக்கில் விழும் புளிப்பு நெருக்கமாக இருக்கும். கொதித்தாலும் கெடாது. ஆகவே இதற்குப் புளிக்கரைசலின் வரிசையே பொருந்தும். புளியின் கெட்டித்தன்மை மட்டும் வராது.

அதே அலமாரியில் மாதுளைச் சாற்றை வற்றக் காய்ச்சிய கறுத்த பாகு, ‘நார் எக்‌ஷிசி’, இருக்கும். வத்தக்குழம்புக்கு என் தேர்வு இதுதான்: நிறம் வரும், திடம் வரும், வெல்லம் போட வேண்டியதில்லை. பாட்டிலைத் திருப்பிப் பொருள்பட்டியலைப் படியுங்கள். மாதுளை மட்டும் இருந்தால் வாங்குங்கள். குளுகோஸ் பாகு, சிட்ரிக் அமிலம், நிறமி என்று இருந்தால் அது வெறும் சாஸ். விலை குறைவு என்பதற்காக எடுத்தால் குழம்பு தித்திக்கும். பாகில் சர்க்கரை அதிகம், சீக்கிரம் அடிப்பிடிக்கும். அதனால் வெங்காயமும் பொடியும் தண்ணீரில் கொதித்து முடிந்த பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒன்றரை மேசைக்கரண்டி சேருங்கள்.

வத்தலுக்கும் அங்கேயே வழி உண்டு. குடைந்து, நூலில் மாலையாகக் கோத்து, வெயிலில் உலர்த்திய கத்தரிக்காய் ஓடுகள் துருக்கிக் கடைகளில் தொங்கும். கத்தரி வத்தல் என்றே வைத்துக்கொள்ளலாம். நம் வத்தலை நேராக எண்ணெயில் வறுப்போம். இதை அப்படி வறுத்தால் தோல் ரப்பராகிவிடும். கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைத்து, நீரைப் பிழிந்து, நறுக்கி, பிறகு வதக்குங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை சந்தையில் ருபார்ப் என்ற சிவப்புத் தண்டு வரும். நல்ல புளிப்பு, ஐந்தாறு நிமிடத்தில் நாராகக் கரையும். புளிச்சகீரைக் கடைசலுக்கும் மாங்காய்ப் பருப்புக்கும் ஏங்குகிறவர்கள் இதை முயலலாம்: பருப்பு வெந்தபின் நறுக்கிய தண்டைப் போட்டு மூடிவிடுங்கள். இலையைச் சமைக்கவே கூடாது. அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி, நச்சு. தண்டிலும் ஓரளவு உண்டு என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. வசந்தகாலத்தில் துருக்கிக் கடையில் குவிக்கும் ‘எரிக்’ என்ற பச்சைப் பிளம்ஸ் மாவடுவுக்குப் பதிலாக உப்பில் ஊறப்போட அருமையானது.

எலுமிச்சை கடைசிப் புகலிடம். அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும். வினிகர் வேண்டாம், எந்த நேரத்தில் ஊற்றினாலும் வினிகராகவே இருக்கும்.

6. சாம்பாரும் ரசமும்: மாறிய வரிசை

புளியோ கோருக் சாறோ இருந்தால் வழக்கப்படி செய்யலாம்: காயை முக்கால் பதம் வேகவிட்டு, புளிப்பையும் சாம்பார் பொடியையும் சேர்த்துப் பச்சை வாசம் போகக் கொதிக்கவிட்டு, பிறகு பருப்பு. காய் அந்தப் பதத்துக்கு வருமுன் புளிப்பை ஊற்றினால் அதற்கப்புறம் அது வேக வெகுநேரம் பிடிக்கும். கிழங்கு வகைகளில் இது நன்றாகத் தெரியும். முள்ளங்கியும் நூல்கோலும் என்றால் முழுப் பதமே வெந்துவிடட்டும்.

எலுமிச்சைதான் இருக்கிறதென்றால் வரிசை தலைகீழ். காயோடு இரண்டு தக்காளி, பொடி, உப்பு சேர்த்துக் கொதிக்கவிட்டு, பருப்பைக் கலந்து, ஒரு கொதி வந்ததும் அணைத்து, தாளித்துக்கொட்டி, ஐந்து நிமிடம் கழித்துச் சாறு பிழியுங்கள். மறுபடி சூடுபடுத்தப்போகும் பங்கை முதலிலேயே தனியே எடுத்துவைத்துவிட்டு, அதற்கு அன்றன்று பிழிந்துகொள்ளுங்கள்.

ரசத்துக்குக் குளிர்காலத்துத் தக்காளி உதவாது. அழகாகச் சிவந்திருக்கும், ருசி இருக்காது. டப்பாவில் வரும் முழுத்தக்காளி பழுத்த பருவத்தில் பறித்து அடைத்தது. அதைக் கையால் பிசைந்து, இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போடுங்கள். டப்பாத் தக்காளி ஏற்கெனவே வெந்தது, கொதிக்கவிடத் தேவையில்லை. நுரை கட்டி வரும்போது இறக்கினால் போதும். பாட்டிலில் வரும் கெட்டித் தக்காளிக்கூழில் மட்டும் ரசம் வைக்காதீர்கள். அது சூப்பாகிவிடும்.

7. தேங்காய்

முதல் இடம் உறையவைத்த தேங்காய்த்துருவலுக்கு. அறைவெப்பத்தில் இளகவிட்டால் புதுத்தேங்காய்க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சூப்பர் மார்க்கெட்டின் உலர்ந்த துருவலை நேராக மிக்ஸியில் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. எண்ணெய் பிரிந்து, மரத்தூள் போலத் திரிதிரியாக நிற்கும். சட்னி செய்யப்போவதற்கு அரைமணி நேரம் முன்பே அரை கப் துருவலுக்குக் கால் கப் வெந்நீரும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பாலும் விட்டு மூடிவைத்துவிடுங்கள். உலரும்போது போன ஈரத்தை இப்படித் திருப்பிக் கொடுத்தால்தான் வெண்ணெயாக அரையும்.

பொட்டுக்கடலைக்குப் பதில் துருக்கிக் கடையின் ‘லெப்லெபி’. வறுத்த கொண்டைக்கடலைதான் அது. மஞ்சள் நிறத்தது, உப்புப் போடாதது என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளையாக இருப்பது சுண்ணாம்பு மாதிரி நாக்கில் ஒட்டும். பொட்டுக்கடலையைவிடக் கடினமானது என்பதால் தேங்காயோடு சேர்த்துப் போடக்கூடாது. முதலில் தனியே பொடி, அடுத்து மிளகாய், இஞ்சி, உப்பு, கடைசியாக ஊறிய தேங்காய். துருக்கிக் கடையின் நீளப் பச்சைமிளகாய் பலமுறை காரமே இருக்காது. நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு எத்தனை என்று முடிவு செய்யுங்கள்.

டப்பாத் தேங்காய்ப்பால் வாங்கும்போது பொருள்பட்டியலில் தேங்காயும் தண்ணீரும் மட்டும் இருக்கும் டப்பாவை எடுங்கள். குலுக்காமல் திறந்தால் மேலே கெட்டியாக நிற்பது முதல் பால். கீழே உள்ளதில் இரண்டு பங்கு நீர் சேர்த்தால் இரண்டாம் பால். சொதிக்குக் காயை இரண்டாம் பாலில் வேகவிட்டு, முதல் பாலை இறக்கும் தறுவாயில் ஊற்றுங்கள். சொதி விஷயத்தில் யாழ்ப்பாணத்தார் வீட்டில் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டோர்ட்மண்ட், எஸ்ஸன், ஹாம் பக்கம் வாழ்கிறவர்கள் ஈழத்தமிழர் கடைகளையே நாடலாம். இந்த வழிகாட்டியில் பாதி அவர்களுக்கு வேண்டாம்.

8. காய்கள்

இதில் கஷ்டம் குறைவு. நூல்கோல் இங்கே மூலைக்கு மூலை கிடைக்கும். வெள்ளை முள்ளங்கி பவேரியாவில் பீர்க்கடைத் தட்டிலேயே வரும். பரங்கிக்காய்க்குச் சிவந்த ‘ஹொக்கைடோ’ பூசணி, தோலோடு நறுக்கலாம். தண்டுக்கீரைக்கு ‘மாங்கோல்ட்’: தண்டை முதலில், இலையை ஐந்து நிமிடம் கழித்து. சின்ன வெங்காயத்துக்கு ‘ஷாலோட்’, பெரிதாக இருந்தால் நீளவாக்கில் இரண்டாக.

சுரைக்காய், பீர்க்கங்காய்க் கூட்டுக்குச் சுக்கினியைப் பலரும் போடுவார்கள். தப்பில்லை, ஆனால் அது தண்ணீர் விட்டுக் குழையும். கூட்டில் பருப்பையும் அரைத்த விழுதையும் கொதிக்கவிட்டுக் கெட்டியாக்கிக்கொண்டு, சுக்கினியைக் கடைசி ஆறேழு நிமிடத்தில் போடுங்கள். முதலில் போட்டால் தேடினாலும் கிடைக்காது.

9. இட்லி மாவு

உளுந்துக்கு மாற்று கேட்டு வருகிறவர்களிடம் நான் இல்லை என்றே சொல்வேன். அரைக்கும்போது உளுந்தில் உண்டாகும் கொழகொழப்புதான், புளிக்கையில் எழும் வாயுவைப் பிடித்துவைக்கிறது. பாசிப்பருப்பிலும் சிவப்புப் பருப்பிலும் அந்தப் பிடிப்பு இல்லை. அவற்றை வைத்து அடை சுடலாம், இட்லி வராது. உளுந்து தீர்ந்துவிட்டால் இணையத்தில் வரவழையுங்கள்.

அரிசிக்கு மாற்று உண்டு. ‘பார்பாயில்ட்’ என்று போட்ட நீள அரிசி புழுங்கலரிசிதான். ஆனால் நீள அரிசி மட்டும் போட்டால் இட்லி வறண்டு உதிரும். பால்சோற்றுக்கு விற்கும் குண்டு அரிசியைக் கலந்தால் மென்மை வரும். அளவு: நீளப் புழுங்கல் இரண்டு கப், குண்டு அரிசி ஒரு கப், முழு உளுந்து ஒரு கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. ஊரில் கிரைண்டருக்கு நான்குக்கு ஒன்று போடுவோம். மிக்ஸியில் உளுந்து அவ்வளவு பொங்காது, அதனால் இங்கே மூன்றுக்கு ஒன்று.

குளிர்காலத்தில் நேரத்தைத் திருப்பிப்போடுங்கள். ஊரில் மாலை அரைத்து இரவெல்லாம் புளிக்கவைப்போம். இங்கே பல அடுக்குமாடிகளில் மைய வெப்பமூட்டியை இரவில் தாழ்த்திவிடுவார்கள். மாவுக்குச் சூடு வேண்டிய நேரத்தில் வீடு குளிர்ந்துபோகும். இரவில் ஊறப்போட்டு, சனிக்கிழமை காலையில் அரைத்து, பகலில் புளிக்கவிடுங்கள்.

அரைக்கும் முறை: உளுந்தும் வெந்தயமும் ஊறிய நீரைக் கொட்டாமல் பனிக்கட்டி போட்டுக் குளிரவைத்து, அந்த நீரையே தெளித்து அரையுங்கள். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும்தான் வருகின்றன. ஊறிய நீரில் அவை நிறைய இருக்கும். பனிக்கட்டி மிக்ஸி சூட்டை அடக்கும். மாவு கையில் சூடாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரையவில்லை. அரிசியில் கை வைப்பதற்கு முன் இந்தச் சோதனை கட்டாயம். அரிசியைச் சன்ன ரவைப் பதத்தில் நிறுத்துங்கள்.

இரண்டையும் வெறும் கையால் கலக்குங்கள். குளிர்ந்த வீட்டில் உப்பை இப்போது போட வேண்டாம், அது புளிப்பைத் தாமதப்படுத்தும். பொங்கிய பிறகு கலந்துகொள்ளலாம்.

மாவுக்கு வேண்டியது 30 டிகிரி அளவிலான இதமான சூடு. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைப்பது எல்லோரும் சொல்லும் வழி. விளக்கு பழைய வகையாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். எல்இடி விளக்கு என்றால் வெளிச்சம் மட்டும்தான், சூடு வராது. அப்போது கீழ்த்தட்டில் கொதிநீர்ச் சட்டி ஒன்றை வைத்து, நான்கு மணிக்கொரு தடவை நீரை மாற்றுங்கள். உள்ளே ஒரு வெப்பமானி கிடக்கட்டும். ‘50 டிகிரி’யில் ஓவனை ஓட்டி வேகமாகப் புளிக்கவைக்கப் பார்த்தவர்களின் மாவு ஓரத்தில் வெந்து, நடுவில் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம், அடியில் ஒரு தட்டும் இருக்கட்டும். ஓவன் அடியில் காய்ந்த மாவைச் சுரண்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும்.

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். கோடையில் பத்து மணி நேரத்தில் பொங்கும். ஜனவரியில் பதினெட்டு மணி நேரமும் ஆகலாம். அளவு இரட்டித்து, கரண்டியால் கிளறினால் நுரைக்கண்கள் தெரிந்து, லேசான புளிப்பு வாசம் வந்தால் தயார். பொங்காமல் புளித்த வாசம் மட்டும் வந்தால் உளுந்து சரியாக அரையவில்லை என்று பொருள். அந்த மாவைத் தோசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இட்லித் தட்டு இல்லையென்றால் ஆசியக் கடையின் மூங்கில் ஆவிக்கூடை. ஈரத்துணி விரித்து, மாவை ஊற்றி, நீர் கொதித்த பிறகே மேலே ஏற்றுங்கள். பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். நீர் சூடாவதற்கு முன்பே வைத்தால் மாவு மெல்லப் படிந்து அடையாகிவிடும்.

10. நெய்யும் உறைபெட்டியும்

நெய்க்கு உப்பில்லாத வெண்ணெய். அதிலும் ‘சவர்ராம்புட்டர்’ என்று போட்டதை வாங்குங்கள். புளிக்கவைத்த பாலாடையில் கடைந்தது. நம் ஊரில் தயிர் கடைந்து எடுப்பதற்கு நெருக்கம், வாசம் தெரியும். ‘புட்டர்ஷ்மால்ட்ஸ்’ என்று டப்பாவில் வருவது உருக்கிய வெண்ணெய்தான், ஆனால் அடியில் பொன்னிறக் கசடு வரும்வரை காய்ச்சாதது. பொரிக்க ஆகும், சோற்றில் ஊற்ற ஆகாது.

எங்காவது பச்சைக் கறிவேப்பிலை கண்ணில் பட்டால் இரண்டு பாக்கெட்டாக வாங்குங்கள். கழுவி, துணியில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தி, காம்போடு பையில் போட்டு உறையவையுங்கள். தாளிக்கும்போது இளகவிட வேண்டாம். இளகினால் கறுத்துத் துவண்டுவிடும். உறைந்தபடியே எண்ணெயில் போட்டு உடனே மூடுங்கள், ஏனென்றால் படபடவென்று தெறிக்கும். பிரியாணி இலையையோ எலுமிச்சை இலையையோ அதற்குப் பதிலாகப் போடுவதைவிட எதுவும் போடாமல் தாளிப்பது மேல்.

உறைந்த முருங்கைக்காய் பாதி வெந்து வருவது. சாம்பாரில் மற்ற காய்களோடு முதலிலேயே போட்டால் நாராகப் பிரிந்துவிடும். பருப்பு கலந்த பிறகு, உறைந்தபடியே, கடைசி எட்டு நிமிடத்துக்குப் போடுங்கள்.